பெட்டி மேல்மாடிக்குப் போனதற்கு யார் பொறுப்பு?

வாசகர் கேள்வி:

ஐயா, நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் சிறு கொந்தராத்து வேலைகள் செய்பவன். நிர்மாண ஒப்பந்தகாரர்களுக்கான சீடா பதிவு இருக்கிறது. உள்ளக வீதி ஒன்றுக்குக் கொங்கிறீட் இட்டு இரண்டு மதகு கட்டும் வேலைக்கு ஓர் அரச அலுவலகம் விலைமனு கோரியிருந்தது. முடிவு நேரம் போன செவ்வாய்க்கிழமை பிற்பகல் 2.00 மணி. கணக்குக் கிளையில் வைத்திருக்கும் பெட்டியில் இட வேண்டும் என்று பத்திரத்தில் இருந்தது. மகனை அனுப்பினேன். துறையில் குருமண்வெளி ஓடத்துக்கு நின்று கொஞ்சம் சுணங்கிவிட்டது. ஆனாலும் 1.46க்கு அலுவலக வாசல் பதிவேட்டில் கையொப்பம் வைத்திருக்கிறான். காவலாளி அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, யாருக்கோ போன் எடுத்துக் கேட்டு, உள்ளே விட எட்டுப் பத்து நிமிடம். கணக்குக் கிளைக்குப் போனால் பெட்டி இல்லை. மேல்மாடி மண்டபத்துக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். அறிவித்தல் எதுவும் ஒட்டவில்லை. மேலே ஏறிப் போனபோது "2.03 ஆகிவிட்டது" என்று சொல்லி உறையை வாங்க மறுத்துவிட்டார்கள்.

மகன் அங்கேயே நின்றிருக்கிறான். 2.15 அளவில் தபால் கிளையிலிருந்து ஒருவர் கூரியரில் வந்த உறை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். காலையிலேயே வந்ததாம். அதை வாங்கித் திறந்து வாசித்தார்கள். வாசித்த விலைகள் எல்லாவற்றையும்விட எங்கள் விலை குறைவு. உறை இன்னும் ஒட்டியபடியே இருக்கிறது. ஆளைப் பார்த்துத்தான் இப்படிச் செய்தார்கள் என்று நினைக்கிறேன். முறையிடலாமா? முறையிட்டால் இனி இந்த மாவட்டத்தில் எனக்கு வேலை கிடைக்குமா?

பதில்:

எல்லாவற்றுக்கும் முதல், அந்த உறையைத் திறக்காதீர்கள். வீட்டில் யாரும் பிரித்துப் பார்க்காமல் அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். உங்கள் விலையையும் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் இங்கே சேர்க்கவில்லை. நீங்களும் இனி அதை ஒருவரிடமும் சொல்ல வேண்டாம், சீமெந்துக் கடைக்காரரிடம்கூட.

மகன் மண்டபத்தில் நின்று மற்றவர்களின் விலைகளைக் கேட்டுவிட்டு, உறையைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறான். "விலைகளைக் கேட்ட பிறகு உள்ளே தாளை மாற்றிவிட்டார்" என்று நாளைக்கு ஒருவர் சொன்னால், உங்களிடம் என்ன பதில் இருக்கிறது? அன்றே மண்டபத்தில் வைத்து, ஒட்டிய இடத்தின்மேல் ஓர் அதிகாரியிடம் நேரத்தோடு கையொப்பம் கேட்டிருக்கலாம். அது போய்விட்டது. இப்போது செய்யக்கூடியது, பக்கத்திலுள்ள ஒரு சமாதான நீதவானிடம் கொண்டுபோய் ஒட்டிய இடங்களின்மேல் கையொப்பமும் முத்திரையும் திகதியும் வாங்குவதுதான். செவ்வாய்க்கிழமைக்கும் நீங்கள் அவரிடம் போகும் நாளுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. அதற்குப் பிறகு யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு மட்டும் ஆகும். அதுவாவது இருக்கட்டும்.

சரி, விடயத்துக்கு வருவோம். பிந்திய விலைமனு விடயத்தில் எங்கள் இலங்கை விதி மிகச் சுருக்கமானது. முடிவு நேரத்துக்குப் பிறகு கிடைத்தால் அது நிராகரிக்கப்படும், திறக்காமல் திருப்பிக் கொடுக்கப்படும். பொருட்கள் வாங்குவதற்கான மாதிரி ஆவணத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. திறக்கும் இடத்தில் வைத்து எந்த விலைமனுவையும் நிராகரிக்கக் கூடாது, பிந்தியதைத் தவிர. கையொப்பம் இல்லை, பிணை போதாது என்றெல்லாம் இருந்தாலும் வாசித்துக் குறித்துவைத்துவிட்டு மதிப்பீட்டின்போதுதான் பார்ப்பார்கள். பிந்தியதற்கு மட்டும் அந்த அவகாசமும் கிடையாது. அரச கணக்காளராக, விலைமனுக்களைத் தீர்மானிக்கும் பெறுகைக் குழுக்களில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் கண்டிப்பு நல்லது. ஒருவருக்கு மூன்று நிமிடம் விட்டுக்கொடுத்தால் அடுத்தவருக்கு முப்பது நிமிடம் விட வேண்டி வரும். அந்த முப்பது நிமிடத்துக்குள் மற்றவரின் விலை கைபேசியில் வந்து சேர்ந்துவிடும்.

ஆனால் இந்த விதி ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. "கிடைத்தது" என்றால் எப்போது? பெட்டிக்குள் விழுந்த நேரமா, அலுவலகத்தின் கைக்கு வந்த நேரமா? பிந்திய விலைமனுப் பிணக்குகள் பலவும் இங்கேதான் போய் நிற்கும். மூன்று நிமிடமா ஐந்து நிமிடமா என்று வாதாடுவதில் பலன் இல்லை. மணி இரண்டு அடித்தபோது உறை யார் கையில் இருந்தது, ஏன் அந்தக் கையில் இருந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு உலகம் முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கும் ஒரு வழக்கு இங்கிலாந்தில் இருக்கிறது. பிளாக்பூல் நகர சபை தன் விமான நிலையத்திலிருந்து உல்லாசப் பறப்புகள் நடத்தும் உரிமைக்கு விலைமனு கோரியது. முடிவு நேரம் 1983 மார்ச் 17, வியாழன், நண்பகல் 12 மணி. அந்த உரிமையை ஏற்கெனவே வைத்திருந்த ஒரு பறப்புக் கழகம் காலை 11 மணியளவில் தன் உறையை நகர மண்டபத்தின் தபால் பெட்டிக்குள் போட்டது. பெட்டியை நண்பகலில் திறந்து எடுக்க வேண்டிய ஊழியர்கள் அன்று எடுக்கவில்லை. அடுத்த நாள்தான் எடுத்தார்கள், எடுத்த நாளின் முத்திரையைக் குத்தினார்கள், "பிந்தி வந்தது" என்று ஒதுக்கிவிட்டார்கள். உரிமை இன்னொரு நிறுவனத்துக்குப் போனது. உண்மை தெரிந்த பிறகு சபை மீள விலைமனு கோரப் பார்த்தது. ஆனால் வென்ற நிறுவனம் "எங்களோடு ஒப்பந்தம் ஆகிவிட்டது" என்று நின்றதால் சபை அதற்கே கொடுத்துவிட்டது. கழகம் வழக்குப் போட்டது. 1990இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. சொன்ன நேரத்துக்குள், சொன்ன முறையில் ஒருவர் கொடுத்துவிட்டால், அதை மற்றவற்றோடு சேர்த்துப் பரிசீலிக்கச் சபை கட்டுப்பட்டது என்றார்கள். வேலையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை, எடுத்துப் பார்த்தாவது ஆக வேண்டும்.

இப்போது அந்தக் கூரியர் உறையைப் பாருங்கள். உங்களுக்கு எரிச்சல் வருவது புரிகிறது. ஆனால் அது காலையிலேயே தபால் கிளையில் ஒப்படைக்கப்பட்டு, வரவுப் பதிவேட்டில் நேரத்தோடு பதியப்பட்டிருந்தால், பிளாக்பூல் கழகத்தின் உறையும் அதுவும் ஒன்றுதான். அதை ஏற்றது தப்பு என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நேரத்துக்குள் கந்தோருக்குள் வந்துவிட்டது, பெட்டிக்குக் கொண்டுபோகாதது ஊழியர் செய்த பிசகு. கேட்க வேண்டிய கேள்வி வேறு. வரவுப் பதிவேட்டில் உண்மையில் நேரம் இருக்கிறதா? கடித எண் வரிசைப்படி இருக்கிறதா, அல்லது கடைசி வரிக்கும் கோட்டுக்கும் இடையில் செருகப்பட்டிருக்கிறதா? உறையின் வெளிப்புறத்தில் வேலையின் பெயரும் "திறக்க வேண்டாம்" என்ற குறிப்பும் இருந்தனவா? அப்படி எழுதாமல் விட்டு உறை எங்காவது தவறிப்போனால் அதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று எல்லா ஆவணத்திலும் எழுதியிருப்பார்கள். வெற்று உறையாக வந்து தபால் கிளையில் கிடந்திருந்தால் அவருக்கு வாய்ப்பு இல்லை.

அதே நேரம் அந்த உறை உங்களுக்கு ஓர் உதவியும் செய்திருக்கிறது. 2.00 மணிக்குப் பெட்டிக்குள் இல்லாத ஒன்றை அலுவலகம் ஏற்றிருக்கிறது. அப்படியென்றால் பெட்டி ஒன்றுதான் அளவுகோல் என்று அவர்கள் இனிச் சொல்ல முடியாது.

உங்கள் பக்கத்தில் பலவீனம் எங்கே என்றும் சொல்ல வேண்டும். கூரியர் உறை அலுவலகத்தின் கையில் இருந்தது. உங்கள் உறை கடைசிவரை உங்கள் மகனின் கையில் இருந்தது. இந்த வித்தியாசம் சின்னதல்ல. அமெரிக்காவில் இப்படிப்பட்ட முறைப்பாடுகளைக் கேட்பதற்கென்றே அரச பொறுப்புக்கூறல் அலுவலகம் இருக்கிறது. தெரியவந்து 10 நாளுக்குள் முறையிட வேண்டும், 100 நாளுக்குள் முடிவு. அங்கேயும் பிந்தியது பிந்தியதுதான், ஆனால் விலக்குகள் எழுதப்பட்டிருக்கின்றன. முடிவு நேரத்துக்கு முன்பே உறை அரச அலுவலகத்துக்கு வந்து அதன் கட்டுப்பாட்டில் இருந்ததென்று சான்று இருந்தால் ஏற்கலாம். கையில் கொண்டுவந்து கொடுக்கும் உறைக்கு இன்னொரு வழி. பிந்தியதற்கு முதன்மைக் காரணம் அலுவலகத்தின் தவறான செயலாக இருக்க வேண்டும், ஏற்பதால் போட்டியின் நேர்மை கெடக் கூடாது. ஆனால் கடைசி நேரத்தில் வந்து தன் சுணக்கத்தைத் தானே தேடிக்கொண்டவருக்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். மின்னஞ்சலில் அனுப்பும் விலைமனு அரசின் சேர்வருக்குள் வந்து அங்கேயே சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதில் அந்த அலுவலகமும் அங்குள்ள கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்றமும் ஒத்துப்போகவில்லை. 2013இல் அந்த நீதிமன்றம், சேர்வருக்கு வந்தாலே அரசின் கைக்கு வந்ததாகத்தான் கொள்ள வேண்டும் என்றது. இந்த முடிவுகள் எதுவும் எங்கள் நாட்டு அதிகாரியைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் நியாயத்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதை இவற்றிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

அந்தக் கண்ணோடு உங்கள் மகனின் பயணத்தைத் துண்டு துண்டாகப் பாருங்கள்.

ஓடத்துக்கு நின்றது உங்கள் தலையில். துறையில் காத்திருக்க வேண்டி வரும் என்று படுவான்கரையில் பிறந்த ஒருவருக்குத் தெரியாதா? மேன்முறையீட்டில் அதை முன்னுக்கு வைத்தால் வாசிப்பவர் அங்கேயே முடிவெடுத்துவிடுவார். யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், நீங்களாக அதிலிருந்து கதையைத் தொடங்க வேண்டாம்.

வாசலில் போன எட்டுப் பத்து நிமிடம் இரண்டும் கெட்டான். அரச அலுவலகத்தில் அடையாள அட்டை பார்ப்பது வழமை, அதற்கு நேரம் ஒதுக்கி வந்திருக்க வேண்டும் என்பார்கள். வழமைக்கு மேலாக மறித்துவைத்தார் என்று காட்ட முடிந்தால் கொஞ்சம் பெறுமதி உண்டு. ஆனால் வாசல் உங்களுக்குத் தந்த பெரிய சொத்து வேறு. 1.46 என்ற நேரம் அலுவலகத்தின் புத்தகத்தில், அலுவலகத்தின் கடிகாரத்தைப் பார்த்து எழுதப்பட்டது. உங்கள் மகனின் கைபேசி என்ன காட்டியது, மண்டபத்துச் சுவர்க் கடிகாரம் எத்தனை நிமிடம் வேகம் என்ற சண்டைக்கே போகத் தேவையில்லை.

பெட்டி இடம் மாறியது முழுக்க முழுக்க அலுவலகத்தின் தலையில். இதுதான் உங்கள் வழக்கு. ஆவணத்தில் ஓர் இடத்தைச் சொல்லிவிட்டு, முடிவு நேரத்துக்கு முன்பே பெட்டியை வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதென்றால், விலைமனு ஆவணம் வாங்கிய எல்லோருக்கும் எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். ஆகக் குறைந்தது கணக்குக் கிளைக் கதவில் ஒரு தாளாவது ஒட்டியிருக்க வேண்டும். திறக்கும் குழுவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று கடைசிப் பதினைந்து நிமிடத்தில் பெட்டியை மண்டபத்துக்கு நகர்த்தும் பழக்கம் சில கந்தோர்களில் உண்டு. கெட்ட எண்ணத்தில் செய்வதல்ல, ஆனாலும் தவறு. தான் வகுத்த விதிக்கு அரசாங்கமே முதலில் கட்டுப்பட வேண்டும் என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 1979இல் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் தெளிவாகச் சொன்னது. பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்தும் விலைமனுவைப் பற்றிய வழக்கு அது. 5 வருட அனுபவம் வேண்டும் என்று கேட்டுவிட்டு, அது இல்லாதவருக்குக் கொடுத்தார்கள். கொடுத்தது பிழை என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் வழக்குப் போட்டவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் ஐந்து மாதங்களுக்கு மேல் சும்மா இருந்துவிட்டு வந்தார், அதற்குள் மற்றவர் காசைப் போட்டு வேலையைத் தொடங்கிவிட்டார். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் நாட்கள் உங்கள் பக்கம் இல்லாவிட்டால் இதுதான் நடக்கும்.

ஆகவே மகனைப் பக்கத்தில் இருத்தி ஆற அமரக் கேளுங்கள். கணக்குக் கிளைக்குள் போய் யாரிடம் "பெட்டி எங்கே" என்று கேட்டான்? ஆணா பெண்ணா, எந்த மேசை? அவர் என்ன சொன்னார்? அந்த நேரம் உங்களுக்குப் போன் எடுத்தானா? எடுத்திருந்தால் அந்த அழைப்பின் நேரம் இரண்டு கைபேசிகளிலும் இருக்கும். படம் பிடித்து வையுங்கள். 2.00 மணிக்கு முன் அவன் கணக்குக் கிளையில் நின்றான் என்று நிறுவ முடிந்தால் உங்கள் நிலை வலுக்கும். நிறுவ முடியாவிட்டால் மெலிந்துவிடும். அந்த அலுவலகத்தில் சிசிடிவி இருந்தால் அதில் எல்லாம் பதிவாகியிருக்கும். ஆனால் அந்தப் பதிவுகள் சில நாட்களில் அல்லது சில வாரங்களில் தானாகவே அழிந்து புதியது ஏறிவிடும். இந்தப் பதிலை வாசித்த மறுநாளே, குறித்த நாளின் பிற்பகல் 1.30 முதல் 2.30 வரையான பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி அலுவலகத் தலைவருக்கு எழுதுங்கள்.

அதோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம். இது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். வாசல் பதிவேட்டின் அன்றைய பக்கம், தபால் கிளை வரவுப் பதிவேட்டின் அன்றைய பக்கம், விலைமனு திறந்த அறிக்கை, வந்திருந்தோர் கையொப்பத் தாள், பெட்டியை இடம் மாற்ற யாராவது எழுத்தில் உத்தரவிட்டிருந்தால் அதன் பிரதி. இவ்வளவும் கேளுங்கள், இதற்கு மேல் வேண்டாம். மற்றவர்களின் விலைப் பட்டியலைக் கேட்டால் வர்த்தக இரகசியம் என்று சொல்லி முழு விண்ணப்பத்தையும் இழுத்தடிப்பார்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலோ மறுத்தாலோ 14 நாளுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீடு கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம், அப்புறம் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம் போகலாம். ஆனால் அந்தப் பதில் வரும்வரை முறையீட்டைத் தள்ளிவைக்காதீர்கள். இரண்டும் ஒன்றாகப் போகட்டும்.

முறையீட்டுக் கடிதம் பெறுகைக் குழுவின் தலைவருக்கு. ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"குறித்த தினம் பிற்பகல் 1.46க்கு எனது பிரதிநிதி தங்கள் அலுவலக வாசல் பதிவேட்டில் கையொப்பமிட்டார். விலைமனு ஆவணத்தில் குறிப்பிட்டவாறு கணக்குக் கிளைக்குச் சென்றார். அங்கே பெட்டி இருக்கவில்லை. அது இடம் மாற்றப்பட்டமை எனக்கு அறிவிக்கப்படவுமில்லை, அங்கே காட்சிப்படுத்தப்படவுமில்லை. மேல்மாடி மண்டபத்தை அவர் அடைந்தபோது எனது உறை ஏற்கப்படவில்லை. உறை திறக்கப்படாத நிலையில் என்னிடம் உள்ளது. ஆவணத்தில் குறித்த இடத்தில் பெட்டி இருந்திருந்தால் எனது விலைமனு உரிய நேரத்துக்குள் கிடைத்திருக்கும். ஆகவே இவ்விடயத்தைக் குழு பரிசீலித்து முடிவெடுக்கும்வரை ஒப்பந்தத்தை வழங்காதிருக்குமாறும், மீள விலைமனு கோருமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவுதான். "என் உறையைத் திறந்து பாருங்கள்" என்று கேட்டு எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை இல்லை என்பதல்ல. மற்றவர்களின் விலைகள் வாசிக்கப்பட்ட பிறகு, வீட்டுக்குப் போய்வந்த உறையைத் திறக்க எந்தக் குழுவும் துணியாது, நான் தலைவராக இருந்தாலும் துணிய மாட்டேன். மீள விலைமனு கோருவதுதான் அவர்களால் செய்யக்கூடியது. அதற்கும் மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிப்பார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அவர்களின் விலை ஊருக்கே தெரியும், உங்களுடையது மட்டும் தெரியாது. விலையை வெளியே சொல்லாதீர்கள் என்று தொடக்கத்திலேயே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடிதத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். இன்னொரு பிரதியைப் பதிவுத் தபாலில் போடுங்கள். உங்கள் விலைமனு ஆவணத்தில் மேன்முறையீடு பற்றி ஒரு பகுதி இருந்தால் அதில் சொன்ன ஆளுக்கு, சொன்ன நாளுக்குள் தனியாக ஒன்று போக வேண்டும். எந்த மட்டத்துப் பெறுகைக் குழு என்பதைப் பொறுத்து இது மாறும். தேசிய பெறுகை ஆணைக்குழுவின் புதிய வழிகாட்டல்கள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால், 2006ஆம் ஆண்டு வழிகாட்டல்களை வைத்துக்கொண்டு நண்பர்கள் சொல்லும் நாட்கணக்கை நம்பி இருந்துவிடாதீர்கள்.

நீதிமன்றம் போவதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நாட்களைச் சொல்லிவைக்கிறேன். அடிப்படை உரிமை மனு உச்ச நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்று அந்த ஆணைக்குழுவின் சட்டம் சொல்கிறது. அதன் பிராந்திய அலுவலகங்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கின்றன. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் போதும் என்று எண்ண வேண்டாம், உண்மையில் விசாரணை நடந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். அலுவலகத்தின் முடிவை இரத்துச் செய்யக் கேட்கும் ரிட் மனு வேறு பாதை. மத்திய அரசின் அலுவலகம் என்றால் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றம். மாகாண சபைக்குரிய விடயம் என்றால் இங்கேயே மாகாண மேல் நீதிமன்றத்தில் போடலாம். உங்கள் அலுவலகம் இவற்றில் எது என்று நீங்கள் எழுதவில்லை. விலைமனு அறிவித்தலின் தலைப்பைப் பார்த்தால் தெரியும். என் அபிப்பிராயம், இரண்டு மதகும் ஒரு கொங்கிறீட் வீதியும் கொண்ட வேலைக்காகக் கொழும்புக்குப் போகும் செலவு கட்டாது. இங்குள்ள மேல் நீதிமன்றம் என்றால் ஒரு சட்டத்தரணியிடம் பேசிப் பார்ப்பதில் தவறில்லை. பேசுவதென்றால் ஒப்பந்தம் கையொப்பமாவதற்கு முன் பேசுங்கள்.

"ஆளைப் பார்த்துச் செய்தார்கள்" என்கிறீர்கள். இருக்கலாம். காசு கைமாறியதை யாராவது கண்ணால் கண்டிருந்தால், இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். அது தனி விடயம். ஊகம்தான் என்றால் கடிதத்தில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். இப்போது உங்கள் கடிதத்தை வாசிக்கும் கணக்காளர் "பெட்டியை மாற்றியது எங்கள் பிழைதான்" என்று மனதுக்குள் ஒத்துக்கொள்ளக்கூடும். கள்ளன் என்று எழுதினால் அவர் தன்னைக் காப்பாற்றும் வேலையில் இறங்கிவிடுவார், பெட்டியை மறந்துவிடுவார்.

இனி வேலை கிடைக்குமா என்ற பயம். கறுப்புப் பட்டியல் என்பது ஒப்பந்தத்தை எடுத்துவிட்டுச் செய்யாமல் ஓடியவர்களுக்கும் போலி ஆவணம் கொடுத்தவர்களுக்கும் உரியது. முறையிட்டவரை அதில் போட முடியாது. ஆனால் நீங்கள் பயப்படுவது அந்தப் பட்டியலுக்கு அல்ல என்று எனக்கும் தெரியும். மாவட்டம் சிறியது, அளவு எடுப்பவரும் பில் பார்ப்பவரும் அதே ஆட்கள். பில் ஒன்று மேசையில் இரண்டு மாதம் தூங்கினால் யாரைக் கேட்பது? அதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. நான் கண்டவரையில், ஒரு பக்கத்தில் நடந்ததை மட்டும் எழுதிக் கையொப்பம் வைத்தவரை அலுவலகம் கொஞ்சம் கவனமாகத்தான் நடத்தும். மேசையில் அடித்துக் கத்திவிட்டு எழுத்தில் ஒன்றும் கொடுக்காமல் போனவரைத்தான் பிறகு அலைய வைப்பார்கள். மகன் காவலாளியோடு ஏதாவது வாக்குவாதப்பட்டிருந்தால் போய்ச் சமாதானமாகப் பேசச் சொல்லுங்கள். அந்த 1.46 அவர் புத்தகத்தில்தான் இருக்கிறது.

அடுத்த முறைக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. துறையைக் கடந்து வர வேண்டியவர் முதல் நாளே கொண்டுவந்து போடுங்கள். முடிவு நேரத்துக்கு முன் போடுவதை யாரும் தடுக்க முடியாது. பதிவுத் தபாலில் அனுப்பினால், அனுப்பிய நாளின் முத்திரை உங்களைக் காப்பாற்றாது, போய்ச் சேர்ந்த நேரம்தான் கணக்கு.

கடைசியாக, நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று. உறைக்குள் வங்கியின் பிட் பொண்ட், அதாவது விலைமனுப் பிணைப் பத்திரம், இருக்கும், அதற்காக வங்கியில் காசு முடங்கியிருக்கும். அதை விடுவிக்கும்படி வங்கி முகாமையாளர் நினைவூட்டினாலும் இப்போது அவசரப்பட வேண்டாம். பத்திரத்தை எடுக்க உறையைத் திறக்க வேண்டி வரும், போட்டியிலிருந்து நீங்களே விலகியதாகவும் ஆகிவிடும். குழுவின் பதில் எழுத்தில் வந்து, வழக்குக்குப் போவதில்லை என்று நீங்கள் முடிவெடுத்த பிறகு திறந்து கொடுத்துக் காசை எடுங்கள். சமாதான நீதவானின் முத்திரை உள்ள உறையை மட்டும் எறிந்துவிடாமல், பக்கவாட்டில் வெட்டித் திறந்து, கடிதப் பிரதிகளோடு ஃபைலில் போட்டு வையுங்கள்.